மலைக்கோட்டையில் பார்த்த மாப்பிள்ளை

என்னை இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு தடவையும் அம்மா அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து கச்சாயம் சுட்டாள். வந்தவர்கள் தட்டைக் காலி செய்துவிட்டு, "ஊட்டுல பேசிட்டுச் சொல்லி அனுப்புறோமுங்க" என்று எழுந்து போனார்கள். முதல் வீட்டார், பெண் நெட்டை என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவது வீட்டார், பெண்ணின் சிரிப்பு தெருக்கோடி வரை கேட்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

நெட்டை என்பது உண்மை. கூரை எரவாணத்தில் செருகிய அரிவாளை நான் எக்காமல் எடுப்பேன். சிரிப்பும் உண்மைதான். ஆனால் அன்றைக்குச் சிரிக்காமல் யாரால் இருந்திருக்க முடியும்? மாப்பிள்ளையின் சித்தப்பா உட்கார்ந்திருந்த கயிற்றுக்கட்டில் நடுவில் அறுந்து, மனிதர் இரண்டாக மடிந்து உள்ளே போய்விட்டார். வெளியே தெரிந்தது இரண்டு பாதமும் ஒரு கையும்தான். அந்தக் கையில் கச்சாயம் இருந்தது, அதை அவர் கடைசிவரை விடவில்லை.

மூன்றாவது தடவை கச்சாயம் சுட முடியாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எண்ணெய்ச் சட்டியை எடுத்துப் பரண்மேல் போட்டாள். எனக்கு அப்போது பத்தொன்பது நடந்தது. அந்தக் காலத்துக் கணக்கில் அது முற்றல்.

எங்கள் ஊர் பரமத்தி வேலூர். காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்புமாக இருக்கும் ஊர். அங்கே ஒரு வீட்டு வாசலில் வெளியூர் வில்வண்டி ஒன்று நின்றால் போதும், கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்கள் முதல் ஆற்றில் மாடு கழுவுகிறவர்கள் வரை எல்லோருக்கும் சங்கதி தெரிந்துவிடும். வண்டி திரும்பி வராவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். "என்னங்க, அவிங்க ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று அப்பாவை நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள். அப்பா அதற்குப் பயந்து வாய்க்கால் வழியாகவே தோட்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அதனால்தான் மாட்டுத் தரகர் சொன்ன யோசனை அவருக்கு உடனே பிடித்துப்போனது.

தரகர் மாட்டுக்கும் தரகர், கல்யாணத்துக்கும் தரகர். மோகனூர்ப் பக்கம் ஒரு வரன் இருப்பதாகச் சொன்னார். ஜாதகம் பார்த்தாகிவிட்டது, நிலம் நீச்சு விசாரித்தாகிவிட்டது, கூட்டமும் கேட்டாகிவிட்டது. கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பமும் சேர்ந்த வம்சம். ஒரே கூட்டமாக இருந்துவிட்டால், ஒருவரையொருவர் பிறந்ததிலிருந்து பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கைதான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. இவர்கள் வேறு கூட்டம் என்பதைத் தரகர் முதல் நாளே உறுதி செய்துவிட்டார். பாக்கி இருந்தது, பெண்ணும் பையனும் ஒருவரையொருவர் பார்ப்பது மட்டும்தான்.

"ஊட்டுல வேண்டாமுங்க. திருச்சிக்குப் போயிருங்க" என்றார் தரகர். "நீங்களும் ஊர் பாக்க வந்தவிங்க, அவிங்களும் ஊர் பாக்க வந்தவிங்க. மலைக்கோட்டை அடிவாரத்துல மாணிக்க விநாயகர் சன்னதிகிட்ட நில்லுங்க. பையன் நெட்டை. அவங்கம்மாளுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி. அப்பன் கையில கறுப்புக் குடை இருக்கும். கூடவே நடங்க, கூடவே சாமி கும்புடுங்க. ஆனா எதுக்கு வந்தீங்கன்னு ஆரும் ஆரையும் கேக்கக் கூடாது. கேட்டாப் பேச்சுக் கெட்டுப் போயிரும். புடிச்சா அடுத்த நாளு எங்கிட்டச் சொல்லுங்க. புடிக்காட்டி சாமி கும்புட்ட புண்ணியத்தோட போயிருங்க."

அப்பாவுக்கு ஒரே குஷி. ஊரில் எல்லோரிடமும் திருச்சியைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று தானாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். அதனால் வேறொரு தொல்லை வந்தது. ஊர் எங்களுக்கு வேலை கொடுத்தது. ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் நிஜமாகவே ஆயிரம் தூண் இருக்கிறதா என்று எண்ணி வரும்படி பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். உச்சிப் பிள்ளையார் கோயிலிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் தெரியுமா என்று பார்த்து வரும்படி இன்னொருவர் கேட்டுக்கொண்டார். அதையெல்லாம் என் அத்தை, அப்பாவின் அக்கா, மனப்பாடம் செய்துகொண்டாள். அத்தை தாலியறுத்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். சந்தையில் மாட்டைப் பார்த்த மாத்திரத்தில் பல்லும் சுழியும் சொல்லிவிடுவாள். அந்தத் திறமையால் அம்மாவுக்குப் பதில் அவளைத்தான் அழைத்துப் போவது என்று முடிவாயிற்று.

கிளம்புவதற்கு முதல் நாள் அப்பா என்னைக் கிணற்றடியில் பிடித்தார். "அம்மிணி, இது வரைக்கும் அவிங்க சொல்லி அனுப்புனாங்க. இந்த வாட்டி நீ சொல்லு. திரும்பி ரயிலு ஏறுறதுக்குள்ள எங்கிட்டச் சொல்லிப் போடு. நீ வேண்டாமுன்னா வேண்டாம், அத்தோட உட்டர்லாம்" என்றார்.

எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் எந்தப் பெண்ணையும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அப்பாவின் பெருந்தன்மையை நினைத்து நான் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. எனக்கு ஒரே ஒரு நினைப்புதான் வந்தது. மாப்பிள்ளை ராஜகுமாரனாகவே இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு தடவை கச்சாயத்தையும் தின்றுவிட்டு என்னை வேண்டாம் என்றார்கள் அல்லவா? ஒரு தடவையாவது என் வாயால் அதைச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

விடிந்ததும் பரிசலில் ஆற்றைக் கடந்து, புகளூரில் ரயில் ஏறி, கோட்டை ஸ்டேஷனில் இறங்கினோம். அடிவாரத்து விநாயகர் சன்னதி பக்கத்தில் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்று, வருகிறவர்களை எல்லாம் முறைத்துப் பார்த்தோம். கறுப்புக் குடைகளாக வந்துகொண்டே இருந்தன. கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் குடை இருக்கும் என்று எனக்கு அன்றைக்கு வரை தெரியாது. மூக்குத்தி போடாத பெண்பிள்ளையும் அந்தக் காலத்தில் கிடையாது. தரகர் சொன்ன அடையாளத்துக்கு அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் பொருந்தினார்கள். ஒரு குடைக்காரர் குட்டையான பையனோடு வந்தார், அத்தை வேண்டாம் என்று தலையாட்டினாள். இன்னொருவர் நெட்டையான பையனோடு வந்தார், பையன் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது.

பிறகு அவர்கள் வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட நெட்டைப் பையன். நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்த முதல் ஆண்பிள்ளை. ரெட்டை மூக்குத்தி போட்ட அம்மா. கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கிய அப்பா. அவர்களுக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய ஒரு வழிகாட்டி, கையில் பிரம்போடு வந்தார். அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டுச் சிரித்தாள். அத்தை என் விலாவில் இடித்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீங்களும் மலைக்குத்தானுங்களா? போலாமுங்க" என்றார். அவர்கள், "போலாமுங்க" என்றார்கள். எல்லாம் தரகர் சொன்னபடியே நடந்தது.

படி நானூறுக்கு மேல். குகை மாதிரி மலைக்குள்ளேயே ஏறும் படிக்கட்டு. வழிகாட்டி ஒவ்வொரு வளைவிலும் நின்று, பிரம்பால் சுவரைத் தட்டி, மேடைப் பேச்சு மாதிரி பேசினார். "இம்மலையானது பூமி தோன்றிய நாள் முதலாக இவ்விடத்திலேயே இருந்து வருகிறது" என்றார். "வேற எங்க போவும்?" என்றாள் அத்தை. வழிகாட்டி அவளைப் பார்த்த பார்வையிலேயே, அன்று முழுக்க இரண்டு பேருக்கும் ஆகாது என்று தெரிந்துவிட்டது.

அத்தைக்கு மலையின் வயசில் அக்கறையில்லை. பையனைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. புளிச்சோற்று மூட்டையைக் கையிலிருந்து நழுவவிட்டாள். பையன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். இருபது படி போனதும் மறுபடியும் நழுவவிட்டாள். மறுபடியும் எடுத்தான். மூன்றாவது தடவை மூட்டை பத்துப் படி கீழே உருண்டு போனது. இறங்கிப் போய் எடுத்து வந்தான். நான்காவது தடவை, "ஏனுங்க, கையில ஏதாச்சும் நோவுதுங்களா?" என்று கவலையோடு கேட்டுவிட்டு, மூட்டையைத் தானே வைத்துக்கொண்டான். அத்தை என் காதில், "கோவம் இல்ல. மூச்சும் வாங்கல. காலு நல்லாருக்குது" என்றாள். பல்லைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள். அதைத் தடுக்க நான் அவள் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஏற வேண்டியிருந்தது.

நான் வேண்டாம் என்ற முடிவில்தான் இருந்தேன். மூட்டை எடுத்துக் கொடுப்பது ஒரு பெரிய காரியமா?

நூறுகால் மண்டபத்தில் வழிகாட்டி ஒரு தூணைத் தட்டினார். "இத்தனை பெரிய தூண்களை இவ்வளவு உயரத்துக்கு எப்படிக் கொண்டு வந்தார்கள்? பக்தியால் கொண்டு வந்தார்கள்!" என்றார். அப்பா படித்தவர் போலத் தலையாட்டினார். பையன் தூணைச் சுற்றி வந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பக்தி சரீங்க, கயிறு எத்தன மொத்தமுங்க?" என்றான். வழிகாட்டி, "கயிறெல்லாம் இல்லை, பக்திதான்" என்றார். "அப்ப கீழ நின்னவன் பாடு? பக்தி கொஞ்சம் நழுவுச்சுன்னா?" என்றான் பையன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பல்லைக் கடித்து எச்சரித்து அனுப்பியிருந்தாள், திருச்சியில் வாயைத் திறக்காதே என்று. உதட்டை மடித்துப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. அந்தக் கல் மண்டபத்தில் என் சிரிப்பு ஒரு தூணில் பட்டு அடுத்த தூணுக்குப் போய், மேலே ஏறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்கு முழங்கியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். போயிற்று, மூன்றாவதும் போயிற்று என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அப்போது அந்தப் பையன் திரும்பினான். அவனும் சிரித்தான். அவன் சிரிப்பு என் சிரிப்பைவிடப் பெரிது. புறாக்கள் பறந்தன. வழிகாட்டி இரண்டு பேரையும் பிரம்பால் மிரட்டி அமைதியாக்கினார்.

அதற்குப் பிறகு என் முடிவில் கொஞ்சம் தடுமாற்றம் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

உச்சிப் பிள்ளையாருக்குப் போகும் கடைசிப் படிகள் திறந்த வெளியில் இருக்கின்றன. மேலே காற்று ஆளைத் தள்ளியது. எல்லோரும் கம்பியோரம் போய், "அதோ காவேரி, அதோ கொள்ளிடம், அதோ ஸ்ரீரங்கம்" என்று கை நீட்டினார்கள். அத்தை எங்கள் ஊர் தெரிகிறதா என்று மேற்கே பார்த்து, தெரிகிறது என்றே சொல்லிவிட்டாள். பையனை மட்டும் காணவில்லை. பார்த்தால், கோயில் சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி நின்றான். முகம் சுண்ணாம்பாகியிருந்தது. "வந்து பாருடா, இத்தன தூரம் வந்துட்டு!" என்று அவன் அம்மா சத்தம் போட்டாள். "பாத்துட்டேன், பாத்துட்டேன். நெம்ப நல்லாருக்குது" என்றான், கண்ணைத் திறக்காமலே.

எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, "கண்ணைத் தொறக்க வேண்டாமுங்க. என்ன பாக்கோணுமோ கேளுங்க, நான் சொல்றேன்" என்றேன்.

அவன், "ஆத்துல தண்ணி எத்தன போவுதுங்க?" என்றான்.

"பாதி ஆறு போவுதுங்க. மீதி மணலு."

"மேட்டூர்ல தடுத்துப் போட்டாங்கல்ல. கரையில வாழை இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. அக்கட்டால நல்ல வாழை, இக்கட்டால கரும்பு."

"கரும்பு எத்தன ஒசரம்?"

மலை உச்சியிலிருந்து கரும்பின் உயரத்தை எப்படிச் சொல்வது? "உங்க ஒசரம் இருக்குமுங்க" என்று சொல்லி வைத்தேன். அவன் கண்ணை மூடியபடியே சிரித்தான். ஊர் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் இரண்டு பேரும் கரும்பையும் வாழையையும் பற்றித்தான் பேசினோம். அதில் ஒருவர் பார்க்கவேயில்லை. அப்படியே கண்ணை மூடியபடி அவன் படியில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கியதையும் சொல்ல வேண்டும். வெள்ளை வேட்டி பின்பக்கம் காவியாகிவிட்டது.

கீழே இறங்கியதும் மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர்கள் ஜட்கா பிடித்து ஸ்ரீரங்கம் கிளம்பினார்கள். எங்களிடம் வருகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். இன்னொரு ஜட்காவில் எங்களை ஏற்றி, "முன்னால போற வண்டியை உட்டறாதீங்க" என்றார். எங்கள் குதிரை கிழடு. அப்பா அதைத் தானே அதட்டி ஓட்டினார். காவிரிப் பாலத்தில் நாங்கள் நெருங்க நெருங்க அவர்கள் வண்டி வேகமெடுத்தது. அந்த அம்மா பின்பக்கத்துத் திரையை விலக்கி எங்களைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "மருமகளப் பாக்கறா, ஆசை அடங்கல" என்றாள் அத்தை.

ஸ்ரீரங்கத்தில் முதலில் மொட்டைக் கோபுரத்தின் அடியில் வழிகாட்டி அவர்களை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். நாங்களும் போய்ச் சேர்ந்துகொண்டோம். கட்டத் தொடங்கிய அரசர் காலமானதால் கோபுரம் பாதியில் நின்றுவிட்டது என்றார். "அப்பறம் ஆளே கெடைக்கலியா?" என்றாள் அத்தை. "அதுக்குள்ளார மேட்டூரு அணையவே கட்டிப் போட்டாங்க" என்று அப்பா எடுத்துக் கொடுத்தார். வழிகாட்டி பிரம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தார்.

ஆயிரங்கால் மண்டபத்தில் அத்தை ஊர்க் கட்டளைப்படி தூணை எண்ணத் தொடங்கினாள். அறுபதுக்கு மேல் போனதும் குழம்பும். திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். பையன் பார்த்துவிட்டு, "அத்தை, நீங்க அக்கட்டால இருந்து வாங்க, நான் இக்கட்டால இருந்து வாரேன். நடுவுல கூட்டிக்கலாம்" என்றான். நான் அவளை அத்தை அத்தை என்று கூப்பிடுவதைக் கேட்டு அவனும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறான். அத்தைக்குக் காது குளிர்ந்துவிட்டது. இரண்டு பேரும் நடுவில் சந்தித்தபோது இவளுக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது, அவனுக்கு எந்தத் தூணில் தொடங்கினான் என்பது மறந்துவிட்டது. ஆயிரம் என்றே வைத்துக்கொள்வது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். அவன் அத்தையிடமிருந்து மறுபடி வாங்கிய மூட்டையையும் சுமந்துகொண்டு, வேட்டியில் மலைக்கோட்டைப் படியின் காவியோடு, அத்தையிடம் பணிவாக அதைப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. நன்றாகவே பிடித்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல முந்தின நாளிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாயிற்றே என்று எரிச்சலாகவும் இருந்தது.

மத்தியானம் காவிரிக் கரையில், அம்மா மண்டபத்துப் படித்துறையில் சாப்பாடு. அவர்கள் ஒரு தூணடியில் உட்கார்ந்தார்கள். நாங்கள் அடுத்த தூணடியில். கால் கழுவ நான் தண்ணீரில் இறங்கியபோது அப்பாவும் பின்னாலேயே வந்தார்.

"சொல்லு அம்மிணி. ரயிலுக்கு நேரமாவுது. வேண்டாமா?" என்றார். நான் வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது போலிருக்கிறது. குரலே இறங்கியிருந்தது.

"சரிங்கப்பா" என்றேன்.

"எதுக்குச் சரி? வேண்டாங்கறதுக்கா?"

"புடிச்சிருக்குதுங்கப்பா" என்றேன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. சொன்ன பிறகு அப்பா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் நனைந்த வேட்டியோடு படியேறி ஓடுவது மட்டும் கேட்டது.

தரகர் போட்ட விதியெல்லாம் அப்பாவுக்கு அந்த நிமிஷமே மறந்துபோனது. நேராகக் குடைக்காரரிடம் போய், அவர் இலைக்கு எதிரில் உட்கார்ந்து, எங்கள் புளிச்சோற்றை அள்ளி அவர் இலையில் வைத்தார். "இனி நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு" என்றார். குடைக்காரர் ஒரு வாய் தின்று பார்த்து, நன்றாயிருக்கிறது என்றார். "காத்தால இருந்து கேக்கோணும்னே இருந்தேனுங்க. பேச்சப் பாத்தா நம்மாளுங்களாட்ட இருக்கறீங்க. நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்றார்.

தரகர் எல்லாம் சொல்லியிருப்பாரே என்று அப்பா கொஞ்சம் விழித்தார். இருந்தாலும் எங்கள் கூட்டத்தின் பெயரைச் சொன்னார்.

குடைக்காரர் கையிலிருந்த சோற்றை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "அட சாமி! நாங்களும் அதே கூட்டமுங்க! பங்காளிங்களா நீங்க!" என்று புளிச்சோற்றுக் கையோடு அப்பாவைக் கட்டிக்கொண்டார். அப்பா அவர் தோளுக்கு மேல் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அத்தைக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. அவர்கள் கரூர்ப் பக்கத்துக்காரர்கள். பெண் பார்க்க வரவில்லை. நிஜமாகவே ஊர் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். "நாங்க என்ன நெனச்சோம்னா, எங்க வழிகாட்டி பேசறத நீங்க ஓசியில கேக்க வாரீங்கன்னு நெனச்சோமுங்க" என்றாள் அந்த அம்மா. "அப்பறம் வண்டியத் தொரத்துனீங்க பாருங்க, திருட்டுப் பசங்களோன்னு பயந்துட்டேன். மூக்குத்தியக் கழட்டி முந்தானையில முடிஞ்சு வெச்சேன்." அவள் முந்தானையைப் பிரித்துக் காட்டினாள். இரண்டு மூக்குத்தியும் அதில் இருந்தன.

அப்பா நாங்கள் எதற்கு வந்தோம் என்பதைச் சொல்ல வேண்டியதாயிற்று. நான் படித்துறையில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "டேய், இங்க வாடா! பொட்டப்புள்ள இல்லைன்னு ஏங்கிட்டிருந்தமே, உனக்கு ஒரு தங்கச்சி கெடைச்சிருக்கறா பாரு!" என்று பையனைக் கூப்பிட்டாள்.

அவன் இலையை ஆற்றில் போட்டுவிட்டு வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகமெல்லாம் வாயாக, "நெசமாவா? அப்ப நீ என்ற தங்கச்சியா அம்மிணி?" என்றான். காலையிலிருந்து போட்டுவந்த "ங்க" எல்லாம் ஒரு நொடியில் போய்விட்டது. எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் என் வாயால் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தேன். அத்தை அப்பாவைப் பார்த்து, "அவன் என்னை அத்தைன்னு கூப்புட்டது சரியாத்தான்டா போச்சு" என்று விக்கலோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து அவன் சிரித்தான். அவன் சிரிப்பைக் கேட்டதும் எனக்கும் வந்துவிட்டது. படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். நான் அழுததும் அதிலேயே கலந்து போய்விட்டது, யாருக்கும் தெரியவில்லை.

கரூர் வரை ஒரே பெட்டியில் வந்தோம். அப்பாவும் குடைக்காரரும் குலதெய்வத்துக் கோயில் பொங்கலைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில் தரகர் வந்து வாசலில் நின்று கத்தினார். மோகனூர்க்காரர்கள் விநாயகர் சன்னதியில் உச்சி வெயில் வரை நின்றிருக்கிறார்கள். வருகிற போகிற நெட்டைப் பெண்களை எல்லாம் முறைத்துப் பார்த்து, ஒரு போலீஸ்காரர் வந்து விசாரிக்கும்படி ஆகிவிட்டதாம். அப்புறம் அம்மா பரணிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கினாள். அவர்கள் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். அப்பா மறுபடியும் கேட்டபோது நான், "உங்க இஷ்டமுங்கப்பா" என்றேன். மோகனூர்க்காரர்தான் என் வீட்டுக்காரர். நல்ல மனிதர், குறை சொல்வதற்கில்லை. மலைக்கோட்டை பார்க்கப் போகலாமா என்று எப்போது கேட்டாலும், "அங்க காத்துக் கெடந்தது பத்தாதா?" என்பார். கடைசி வரைக்கும் அவர் படியேறவேயில்லை.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்யாணத்தில் அண்ணன் செய்ய வேண்டிய சீரையெல்லாம் கரூர் அண்ணன்தான் செய்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடி நோம்பிக்கும் பொங்கலுக்கும் பரிசலேறிச் சீர் கொண்டு வந்தார். பாலம் வந்த பிறகு பஸ்ஸில் வந்தார். பரிசல் நடு ஆற்றில் ஆடும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாராம். கரையில் நான் நிற்பேன். "எறங்கலாமுங்கண்ணா, கரை வந்திருச்சு" என்ற பிறகுதான் திறப்பார்.

எல்லோருக்கும் தலை நரைத்த பிறகு, ஒரு பொங்கலன்று சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அண்ணன் திடீரென்று கேட்டார். "ஏன் அம்மிணி, அன்னிக்கு உங்கப்பா உன்னைத்தான் சொல்லச் சொன்னாராமே. கூட்டம் தெரியறதுக்கு முன்னால, நீ என்னதான் சொல்றதா இருந்தே?"

"வேண்டாமுன்னுதான்" என்றேன். "மலையில கண்ணைத் தொறக்காத ஆளை ஆரு கட்டுவா?"

அண்ணன் அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தார். "நெசந்தான். நானா இருந்தாலும் வேண்டாமுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்.

படித்துறையில் நான் சொன்ன வார்த்தை அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் சாகும்வரை அத்தையிடம்கூட அதைச் சொல்லவில்லை.